உங்களுக்குத் தெரியுமா? கார் வேக்ஸும் காஞ்சிபுரத்துப் பல்லியும்!

கார் வேக்ஸில் பசை கிடையாது! ஒரு பொட்டுகூடக் கிடையாது! ஆனாலும் வெயிலிலும் மழையிலும் வாரக்கணக்கில் பெயிண்டை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எப்படி? காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் பல்லியைக் கேட்டால் சொல்லும்! கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பல்லியிடம் கட்டாயம் கூட்டிப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு செய்தி. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சிபுரம், கார் பிறக்கும் மாவட்டமும்கூட! இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் அதிகமான கார்களைச் செய்யக்கூடியது!

1998 செப்டம்பரில் அங்கிருந்து சான்ட்ரோ வந்தது. 2010-இல் ஒரகடத்தில் நிசான் மைக்ரா வந்தது. அதே மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி செய்கிறது, ஏஷியன் பெயின்ட்ஸ் வீட்டு பெயிண்ட் செய்கிறது. பளபளப்பு என்றால் பட்டு மட்டும்தானா என்ன!

சரி, புதுக் காரின் தகட்டின் மேல் எத்தனை பூச்சு இருக்கிறது, தெரியுமா? பாஸ்பேட் பூச்சு, மின்சாரப் பூச்சு, பிரைமர், நிறம், கடைசியாகக் கிளியர் கோட். மொத்தம் 5!

ஐந்தும் சேர்ந்து எவ்வளவு தடிமன்? சுமார் 100 முதல் 130 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை எட்டாகப் பிரித்தால் வரும் ஒரே ஒரு பங்கு! பல லட்சம் கொடுத்து வாங்கிய காரின் அழகு முழுவதும் அதற்குள்தான்!

மின்சாரப் பூச்சுக்கு பிரஷும் இல்லை, ஸ்பிரேயும் இல்லை. முழுக் கார்க்கூட்டையும் பெயிண்ட் தொட்டிக்குள் அப்படியே முக்கிவிடுவார்கள்! மின்சாரம் பாய்ந்ததும் பெயிண்ட் துகள்கள் தாமாகவே ஓடிப்போய் இரும்பில் அப்பிக்கொள்ளும். கை நுழையாத இண்டு இடுக்கிலும்கூட!

கிளியர் கோட் சுடப்படும் அடுப்பின் சூடு சுமார் 140 டிகிரி செல்சியஸ்! சீட், டயர், ஸ்டீயரிங் எல்லாம் அதற்குப் பிறகுதான் மாட்டப்படும். முதலிலேயே மாட்டினால் சூட்டில் கெட்டுப்போகும்!

கிளியர் கோட்டில் நிறமே கிடையாது! நீங்கள் தடவித் தடவி ரசிப்பது சிவப்பையோ நீலத்தையோ அல்ல. அதன் மேல் இருக்கும் சுமார் 40, 50 மைக்ரான் கண்ணாடி போன்ற ஒரு தோலைத்தான்!

நம்பவில்லையா? ஒரு சிவப்புக் காரில் ஓரமாக ஓர் இடத்தில் பாலிஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பு வரவில்லை என்றால் கிளியர் கோட் இருக்கிறது. துணி சிவந்துவிட்டதா? அது பழைய பாணி ஒற்றைப் பூச்சு!

பாலிஷ் என்பது பூச்சே அல்ல! அது அரம்! காரின் மேல் எதையும் சேர்ப்பதில்லை, சீவி எடுக்கிறது!

அந்த அரத்தின் பல் எது? பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. மோதிரத்தில் பதிக்கும் மாணிக்கமும் நீலக்கல்லும் அடிப்படையில் அதே பொருள்தான்! வாட்டர் வாஷ் கடை டப்பாவுக்குள் நவரத்தினத்தில் இரண்டின் உறவுக்காரர் உட்கார்ந்திருக்கிறார்!

ஒரு தடவை பாலிஷ் போட்டால் ஒன்றிரண்டு மைக்ரான் போய்விடும். இருப்பதே 40, 50! மாதம் தவறாமல் மெஷின் வைத்து பாலிஷ் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்!

அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் பாலிஷ், பிறகு வேக்ஸ். மாற்றிப் போட்டால்? போட்ட வேக்ஸை பாலிஷ் வழித்துக்கொண்டு போய்விடும். செலவு உங்களுடையது!

வெயிலில் காரைப் பார்த்தால் சூரியனைச் சுற்றி வட்டவட்டமாகச் சிலந்தி வலை தெரிகிறதே, அது வட்டமே அல்ல! கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. உங்கள் கண்ணை நோக்கி ஒளியைத் திருப்பும் கீறல்கள் மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது. நீங்கள் நகர்ந்தால் வட்டமும் உங்களோடு நகரும்!

அந்தக் கீறலைப் போட்டது யார்? கோயில் பார்க்கிங்கில் அக்கறையோடு காய்ந்த துணியால் தூசி தட்டிய அதே கைதான்! தூசியில் இருப்பது மணல். மணல் கிளியர் கோட்டைவிடக் கடினம்!

வேக்ஸ் போட்டதும் சின்னக் கீறல்கள் மாயமாகின்றனவே, ஆறிவிட்டனவா? இல்லை, ஒளிந்துகொண்டன! வேக்ஸும் கிளியர் கோட்டும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவுதான் வளைக்கின்றன. பள்ளத்தில் வேக்ஸ் நிரம்பியதும் ஒளிக்கு அங்கே பள்ளம் இருப்பதே தெரிவதில்லை. வேக்ஸ் தேய்ந்ததும் கீறல் திரும்பி வந்து வணக்கம் சொல்லும்!

இப்போது பல்லிக்கு வருவோம்!

வரதராஜப் பெருமாள் கோயிலில் கூரையில் தங்கப் பல்லி ஒன்று, வெள்ளிப் பல்லி ஒன்று. வரிசையில் நின்று, மேடையேறி, கையை உயர்த்தித் தொடாமல் ஊருக்குத் திரும்புகிறவர்கள் குறைவு. இத்தனை கைகள் தேய்த்த பளபளப்பு எந்த பாலிஷ் டப்பாவில் கிடைக்கும்!

ஆனால் ஆச்சரியம் அந்தப் பல்லியில் இல்லை. பக்கத்துச் சுவரில் ஓடுகிறதே நிஜப் பல்லி, அதன் பாதத்தில்! டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் நுண்முடிகள்! ஒவ்வொரு முடியின் நுனியும் மேலும் நூற்றுக்கணக்கான இழைகளாகப் பிரிகிறது!

அந்தப் பாதத்தில் பசை இல்லை. உறிஞ்சு குழலும் இல்லை. வெறுமனே தொடுகிறது, ஒட்டுகிறது! இரண்டு பொருள்கள் அணுவளவு நெருங்கினால் அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாக இழுக்கும். அந்த இழுவிசைக்கு வான் டெர் வால்ஸ் விசை என்று பெயர். பல்லி சுவரில் நிற்பது இதனால்தான் என்று கெல்லர் ஆட்டம் குழுவினர் 2002-இல் சோதனை செய்து காட்டினார்கள்!

டோக்கே பல்லியின் எல்லா நுண்முடிகளும் ஒரே நேரத்தில் முழுப்பிடி பிடித்தால் எவ்வளவு எடை தாங்கும்? கணக்குப்படி 130 கிலோ! இரண்டு ஆட்கள் தொங்கலாம்!

உங்கள் கார் பானெட்டில் கார்னௌபா வேக்ஸ் நிற்பதும் பெரும்பாலும் இதே விசையால்தான்! ரசாயனக் கட்டு எதுவும் இல்லை. பெயிண்டோடு வேக்ஸ் கலப்பதும் இல்லை. கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்! பல்லிக்குச் சுவர், வேக்ஸுக்குக் கிளியர் கோட்!

இந்த விசைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நெருக்கம்! நடுவில் ஒரு தூசி, ஒரு எண்ணெய்ப் படலம் புகுந்தாலும் பிடி தளர்ந்துவிடும். பாலிஷ் போட்ட பிறகு மேலே தங்கும் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு வேக்ஸ் போடச் சொல்வது சும்மா இல்லை!

இந்த விசைக்குத் தன் பெயரைக் கொடுத்த வான் டெர் வால்ஸ் யார்? நெதர்லாந்தில் ஒரு தச்சரின் மகன். பள்ளிக்கூட வாத்தியாராக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1910-இல் இயற்பியல் நோபல்! அவர் விசைக்கு மாதிரி காட்ட காஞ்சியில் தங்கத்திலேயே ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை!

பல்லியாலும் ஏற முடியாத சுவர் ஒன்று உண்டு. உலர்ந்த டெஃப்லான்! வழுக்கி விழும்!

அதே டெஃப்லானைத்தான் ‘கோட்டிங்’ என்று காருக்கு விற்கிறார்கள்! டெஃப்லான் உருகுவது 327 டிகிரியில். தோசைக்கல்லில் அதை அடுப்பில் வைத்துச் சுட்டுத்தான் ஒட்டவைக்கிறார்கள். பல்லியின் காலே ஒட்டாத பொருள், துணியால் தேய்த்தால் பெயிண்டில் ஒட்டுமா? நீங்களே சொல்லுங்கள்!

ஒரு காருக்கு எவ்வளவு வேக்ஸ் வேண்டும்? காரின் மேற்பரப்பு 10 சதுர மீட்டர், படலம் அரை மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பாருங்கள். 5 மில்லி! காய்ச்சல் மருந்து குடிக்கிற ஒரு டீஸ்பூன்!

மீதி எங்கே போகிறது? துணிக்கு! அப்பளத்துக்கு மாவு தேய்ப்பதுபோல அப்பிப் பூசுகிறவர்களின் துணிதான் ஊரிலேயே பளபளப்பான துணி!

வேக்ஸ் தடவிய சில நிமிடத்தில் பானெட் மங்கிப் பனி படர்ந்தாற்போல் ஆகிறதே, பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு சுத்தமாக வந்தால் துடைக்கலாம். இழுபட்டுப் பிசுபிசுத்தால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்!

தப்பித்தவறிக் கறுப்பு பிளாஸ்டிக் பம்பரில் பட்டுவிட்டால்? வெள்ளைத் திட்டு! கழுவினாலும் போகாது. வெளிநாட்டுக்காரர்கள் அதை எடுக்கத் தேய்ப்பது எதை, தெரியுமா? ரொட்டியில் தடவும் வேர்க்கடலை வெண்ணெயை!

‘100 சதவீத கார்னௌபா’ என்று டப்பாவில் போட்டிருக்கிறதா? உள்ளே இருப்பது முழுக்க அதுவாக இருந்தால் உங்களால் தொட்டுப் பூசவே முடியாது! சுத்தமான கார்னௌபா கல் மாதிரி இறுகிக் கிடக்கும். கரைப்பானும் எண்ணெயும் வேறு மெழுகும் சேர்த்துத்தான் அதை வழிக்குக் கொண்டுவருகிறார்கள்!

கார்னௌபா எங்கிருந்து வருகிறது? ஒரு பனையின் ஓலையிலிருந்து! வடகிழக்கு பிரேசிலில், பியாவுயி, சியாரா மாநிலங்களில் வளரும் பனை. நம் மாநில மரமான பனையும் அதுவும் ஒரே தாவரக் குடும்பம்! ஒன்று நமக்கு நுங்கு தந்தது, இன்னொன்று காருக்கு மினுக்குத் தந்தது!

ஓலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். மரத்தை வெட்ட வேண்டியதில்லை! வறட்சியில் ஓலையின் ஈரம் பறந்துவிடாமல் இருக்க மரம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கோட்டிங் அது!

உருகுநிலை 82 முதல் 86 டிகிரி! தேன்மெழுகு 62, 64-லேயே இளகிவிடும். சித்திரை வெயிலில் கறுப்புக் கார் பானெட் 70 டிகிரியைத் தொட்டுவிடக்கூடியது. எந்த மெழுகு நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்த மெழுகை நீங்கள் தின்றிருக்கிறீர்கள்! பளபளக்கும் மிட்டாய் உறையைத் திருப்பிப் பாருங்கள். 903 என்ற எண் இருந்தால் அது கார்னௌபா! 901 இருந்தால் தேன்மெழுகு! மாத்திரைக்கு மேலே மினுமினுப்பதும் பல சமயம் கார்னௌபாதான். ஷூ பாலிஷிலும் அதுதான். காலுக்கும் வாய்க்கும் காருக்கும் ஒரே மரம்!

இந்தப் பனையைத் தேடி ஒருவர் விமானம் வாங்கிக்கொண்டு போனார்! 1935-இல், அமெரிக்காவின் ஜான்சன் வேக்ஸ் கம்பெனித் தலைவர் ஹெச். எஃப். ஜான்சன், தண்ணீரிலும் இறங்கும் சிகோர்ஸ்கி எஸ்-38 விமானத்தில் பிரேசிலின் சியாராவுக்கே பறந்தார். 1998-இல் அவருடைய மகன் சாம் ஜான்சன் அதே மாதிரி விமானத்தைப் புதிதாகச் செய்யவைத்து, அப்பா போன வழியிலேயே மறுபடியும் பறந்தார்! மெழுகுக்காக இரண்டு தலைமுறை ஆகாயப் பயணம்!

மெக்வயர்ஸ் என்ற கார் பாலிஷ் கம்பெனி 1901-இல் தொடங்கியபோது செய்தது கார் பாலிஷ் இல்லை, மர நாற்காலி, மேசைக்கான பாலிஷ்! அந்தக் காலத்துக் கார்களின் உடம்பில் பெரும்பகுதி மரம்தானே, அப்படியே இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்!

டர்ட்டில் வேக்ஸுக்கு முதலில் வைத்த பெயர் பிளாஸ்டோன்! முதலாளி பென் ஹிர்ஷ் போகிற வழியில் டர்ட்டில் கிரீக் என்ற ஓடையைப் பார்த்தார். பெயர் மாறியது, ஆமை ஓடு அடையாளமானது!

1920-களின் தொடக்கம்வரை காருக்குப் பெயிண்ட் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும்! 1923-இல் டூபான்ட் கம்பெனி கொண்டுவந்த டியூகோ, அதை நாள்கணக்குக்குக் குறைத்தது. நம் ஊர் மர வேலைக்காரர்கள் இன்றும் வாயில் ‘டியூகோ’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். நூறு வருஷம் பழசு!

இரண்டு நிறக் கார் அடிக்கப் படாதபாடு பட்டவர்களைப் பார்த்துத்தான் மாஸ்கிங் டேப் பிறந்தது! 1925, ரிச்சர்ட் ட்ரூ, 3எம் கம்பெனி. அவரேதான் 1930-இல் நாம் பரிசுப் பொட்டலம் ஒட்டும் செல்லோ டேப்பையும் கண்டுபிடித்தார்!

டேப்பே ஒட்டாமல் கோடு போடுகிறவர்கள் நம் பக்கம் உண்டு! ராயல் என்ஃபீல்டு புல்லட் டேங்கில் ஓடும் தங்கக் கோடு, பிரஷ் பிடித்த கையால் ஒரே இழுப்பில் போடும் கோடு! கம்பெனியின் வல்லம் வடகால் ஆலையும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான். இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ் காரின் பக்கவாட்டுக் கோட்டையும் கையால்தான் போடுகிறார்கள். அதற்கு அணில் முடி பிரஷ்!

மெழுகு ஒட்டினால் காருக்கு அழகு. மெழுகு ஓடினால் சாமி! சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, மேலே மண் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி வெளியேறும். அந்தக் காலி இடத்தில் ஐம்பொன் இறங்கும். சிலை எழும்போது மெழுகு ஒரு துளியும் மிச்சமில்லை!

துணியிலும் மெழுகு வேலை செய்யும்! பாத்திக்கில் மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. சென்னைக்குத் தெற்கே 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆரம்ப நாட்களில் வயிறு கழுவியது பாத்திக் துணி விற்றுத்தான்!

காஞ்சிப் பட்டுக்கும் கார் பளபளப்புக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு, நன்றாகவே உண்டு! பச்சைப் பட்டு நூல் மினுக்காது. மேலே செரிசின் என்ற பசை. சோப்புத் தண்ணீரில் வேகவைத்து அதை எடுத்தால்தான் மினுக்கும். எடை எவ்வளவு போகிறது? கால் பங்கு வரை! பட்டுக்கு அதுதான் பாலிஷ், சீவி எடுப்பது!

அடுத்து வேக்ஸ் வேலை. காஞ்சியில் இயங்கும் அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை ஆலையின் ஜரிகைக் கணக்கைக் கேளுங்கள். பட்டு நூலைச் சுற்றி வெள்ளி, செம்பு. அதன் மேல் தங்க முலாம். தங்கம் மொத்த எடையில் சுமார் அரை சதவீதம்தான்! முகூர்த்தத்தில் கண்ணைப் பறிக்கிறதே, அத்தனையும் அந்த அரை சதவீதம்!

வெள்ளை ‘9எச்’ எழுத்துப் போட்ட செராமிக் கோட்டிங் டப்பாவைப் பார்த்து ‘வைரம் 10, இது 9’ என்று நினைத்தீர்களா? ஏமாந்தீர்கள்! வைரத்துக்கு அளவுகோல் மோஸ். 9எச் என்பது பென்சில்! பள்ளிக்கூடத்தில் எச்பி பென்சில் வாங்குகிறோமே, அதே பென்சில் வரிசை. 9எச் பென்சிலால் கிழித்தாலும் கோடு விழவில்லை என்றுதான் அர்த்தம்!

ஆனால் செராமிக் கோட்டிங்கின் பிடி பல்லிப் பிடி அல்ல. சிலிக்கான், ஆக்சிஜன் சங்கிலிகள் காற்றின் ஈரத்தில் பின்னிப் பிணைந்து இறுகி, பெயிண்டோடு இறுக்கமாகப் பிணைந்துவிடும். மெழுகு ஓரிரு மாதம். இது வருடக்கணக்கு! எடுக்கவேண்டுமானால் பாலிஷ் போட்டுச் சீவித்தான் எடுக்கவேண்டும்!

விபத்துக்குப் பிறகு டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்த்து, புதிதாகப் பெயிண்ட் அடித்தீர்களா? உடனே வேக்ஸ் போடாதீர்கள்! உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற 30 முதல் 90 நாள் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். மூடிவிட்டால் ஆவி எங்கே போகும்! கம்பெனியில் சுட்டு வந்த பெயிண்டுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

மேட் ஃபினிஷ் கார் வைத்திருக்கிறீர்களா? பாலிஷ் பக்கமே போகாதீர்கள்! ஓர் இடத்தில் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளவென்று ஆகிவிடும். திரும்ப மங்கவைக்க வழியே இல்லை. பளபளப்பே பழுதாகும் ஒரே கார்!

டீசல் தொட்டுத் துடைத்தால் லாரி பளபளக்கும் என்பார்கள். பளபளக்கும், ஒரு மணி நேரம்! டீசலும் மண்ணெண்ணெயும் மெழுகைக் கரைத்துவிடும், மிச்ச எண்ணெயில் ரோட்டுப் புழுதி முழுவதும் வந்து குடியேறும்!

வரதர் கோயில் வாசலில் டிஎன் 21 நம்பர் புதுக் காருக்குப் பூஜை நடக்கிறது. பானெட்டில் குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம், டயரடியில் எலுமிச்சம்பழம். டயர் ஏறிப் பழம் நசுங்கிச் சாறு தெறித்தால் அதன் அமிலம் எவ்வளவு? பிஎச் சுமார் 2! பானெட்டில் தெறித்ததைத் துடைத்துவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளமாட்டார்!

வெள்ளைக் காரில் மஞ்சள் கறை பட்டுவிட்டதென்று புலம்புகிறீர்களா? வெயிலில் நிறுத்துங்கள். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் சூரிய ஒளியில் தானாகவே சிதையும்! சலவைக்காரர் சூரியன், கூலி சைபர்!

ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் 1509-இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. உயரம் சுமார் 59 மீட்டர்! மாடங்களில் புறாக்கள். கீழே நிறுத்திய காரின் கதி உங்களுக்கே தெரியும்!

பறவை எச்சம் பெயிண்டைத் தின்பது அமிலத்தால் மட்டும் அல்ல! வெயிலில் பெயிண்ட் சற்று இளகி விரியும். மேலே எச்சம் காய்ந்து இறுகும். சாயங்காலம் பெயிண்ட் சுருங்கும்போது காய்ந்த எச்சத்தின் சொரசொரப்பு அதில் அச்சாகப் பதிந்துவிடும். வேக்ஸ் இருந்தால் நடுவில் அது நின்று அடி வாங்கிக்கொள்ளும். ஆனாலும் நாலைந்து நாள் விட்டுவைத்தால் யார் என்ன செய்ய முடியும்!

காருக்கு நஞ்சு, வயலுக்கு விருந்து! வேடந்தாங்கல் ஏரித் தண்ணீரில் பறவை எச்சம் கலப்பதால் பயிர் செழிக்கிறது என்று அந்த ஊர் விவசாயிகள் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காக்கிறார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ் அங்கே வேட்டைக்குத் தடை எழுதிக்கொடுத்தது 1798-இல்!

காரில் தண்ணீர் முத்துமுத்தாக உருள்வதை வீடியோ எடுத்துப் போடுகிறீர்களே, கோயில் குளத்துத் தாமரை அதை எப்போதோ செய்துவிட்டது! நல்ல வேக்ஸ் பூசிய பானெட்டில் துளியின் தொடுகோணம் 100 டிகிரியைச் சற்றே தாண்டும். தாமரை இலையில் 160 டிகிரி! அங்கேயும் மெழுகுதான், ஆனால் நுண்ணிய குச்சி குச்சியாக நிற்கும் மெழுகு. இதை உலகத்துக்கு விளக்கிய வில்ஹெல்ம் பார்த்லாட் ஜெர்மனிக்காரர், கட்டுரை வெளிவந்தது 1997-இல்!

முத்து அழகுதான், ஆனால் கார் கழுவியது போர் தண்ணீர் என்றால் முத்து காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு வட்டம் நிற்கும். அழகு பார்த்தது போதும், துணியால் ஒற்றி எடுங்கள்!

காருக்கு வெளியே மட்டுமா மெழுகு? கதவுக்குள், சேஸிஸ் குழாய்க்குள், கண்ணே படாத பொந்துக்குள்ளும் பல கம்பெனிகள் மெழுகைப் பீய்ச்சி வைக்கின்றன. துருவுக்கு எதிரான காவல்! முன்பெல்லாம் கப்பலில் போன கார்களுக்கு உடம்பு முழுவதும் மெழுகு பூசி அனுப்புவார்கள், இறங்கிய ஊரில் கழுவித்தான் விற்பார்கள்!

பொருளைக் காக்க மேல்பூச்சு போடுவதில் காஞ்சிபுரம் யாருக்கும் இளைத்தது அல்ல! வரதராஜர் கோயில் அனந்தசரஸ் குளத்தின் அடியில் படுத்திருக்கும் அத்திவரதர் அத்தி மரத்தால் ஆனவர். 40 ஆண்டுக்கு ஒரு முறைதான் வெளியே வருவார். 1979-இல் வந்தார். 2019-இல் வந்து 48 நாள் காட்சி கொடுத்தார், வரிசையில் நின்றவர்கள் 1 கோடிக்கும் மேல்! மறுபடி குளத்துக்குள் இறங்கும் முன் அந்த மரத் திருமேனிக்கு மூலிகைத் தைலக்காப்பு சாற்றினார்கள். அடுத்த பூச்சு எப்போது? 2059-இல்!